ஆளுக்கு இரண்டு குடம் போதுமாம்!

வியாசர்பாடி செல்வி:
நேற்று பெரம்பூர்ப் பெரியவர் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். “தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். குடம் 18 லிட்டர், ஆக 36 லிட்டர். 2019-ல் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். டிரம், சின்டெக்ஸ் என்று வாங்கி அடுக்குகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள்” என்று. அதைப் பாராட்டிப் பத்துப் பேர் வேறு. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

ஐயா, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நாலு ஏரியும் காய்ந்து கிடந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவள் நான். இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும், சில நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். வீட்டில் ஆறு பேர். மாமியார் படுத்த படுக்கை. அவருடைய துணி அலசவே நாலு குடம் போய்விடும். அதற்கப்புறம்தான் 200 லிட்டர் டிரம் மூன்று வாங்கினேன். பட்ட பாட்டில் வந்த புத்தி ஐயா இது. பயந்தாங்கொள்ளி என்றால் எப்படி?

அப்புறம் அந்த 18 லிட்டர். என் பிளாஸ்டிக் குடத்தை ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி அளந்தேன். கழுத்து வரைக்கும் பதிமூன்றரை லிட்டர். உங்கள் கணக்கு அங்கேயே ஓட்டை.

பெரம்பூர்ப் பெரியவர்:
செல்வி அம்மா, நான் நாற்பது வருடம் பம்பு, பைப்பு வேலை பார்த்தவன். குடம் 18 லிட்டர்தான். எனக்கு யாரும் பாட்டிலால் அளந்து காட்ட வேண்டாம். 2003, 2004-ல் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். 2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். அப்போது யார் வீட்டில் மூன்று டிரம் இருந்தது? ஆளுக்கு இரண்டு குடம். நாலு பிள்ளைகளை வளர்த்தோம்.

வியாசர்பாடி செல்வி:
வளர்த்தோம் என்கிறீர்களே, தெருமுனையிலிருந்து தூக்கி வந்தது யார்? நீங்களா, உங்கள் வீட்டு அம்மாவா? அதை முதலில் சொல்லுங்கள்.

குடம் பதிமூன்றரை.

ஓஎம்ஆர் கார்த்தி:
செல்வி அக்கா, பெரியவர் ஐயா, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ‘போதும்’ என்றால் எதற்குப் போதும்? குடிக்க, சமைக்க மட்டுமா, குளியல், கழிப்பறை, துணி எல்லாம் சேர்த்தா? உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் என்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நம் நாட்டு விதி 135 லிட்டர். பேரிடர் முகாம்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 15 லிட்டர். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமலே சண்டை போடுகிறோம்.

பெரம்பூர்ப் பெரியவர்:
தம்பி, 135 லிட்டர் காகிதத்தில் வரும். குழாயில் வராது. 18 லிட்டர் குடம் இரண்டு. அவ்வளவுதான்.

வியாசர்பாடி செல்வி:
கார்த்தி தம்பி, 2019-ல் உங்கள் ஓஎம்ஆர் பக்கத்து ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். அந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? அந்தச் சுமையும் வீட்டுக் குடத்தின் தலையில்தான் விழுந்தது.

பெரியவர் ஐயாவுக்கு ஒரு கணக்கு. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு குடம், பன்னிரண்டு குடம். 18 என்றால் 216 லிட்டர். பதிமூன்றரை என்றால் 162. நடுவில் 54 லிட்டர் எங்கே போனது? எங்கள் வீட்டில் ஆறு பேர் கழிப்பறைக்கு ஒரு நாள் ஊற்றும் தண்ணீர் அது. லாரி இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும். அப்படியானால் ஒரே நேரத்தில் இருபத்து நாலு குடம் பிடிக்க வேண்டும். வரிசையில் நிற்கிற எவள் என்னை இருபத்து நாலு குடம் பிடிக்க விடுவாள்? லாரி ஒழுங்காக வந்த நாட்களில் மிச்சம் பிடித்து வைத்தால்தான் வராத நாளைத் தாண்ட முடியும். டிரம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

அடையாறு ஆலமரம்:
24 வீடுகள் உள்ள குடியிருப்பின் செயலாளராகச் சொல்கிறேன். டிரம், குடம் எல்லாம் தீர்வே இல்லை. ஒழுங்கான சம்ப், அதாவது தரைக்கு அடியில் தொட்டி, இருக்க வேண்டும். எங்களுடையது 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் வீட்டுக்கு 500 லிட்டர். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும் மேலே ஏற்றுவோம். வருடத்துக்கு இரண்டு முறை சம்பை இறைத்துத் தேய்த்துக் கழுவுவோம். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். திட்டமிட்டால் பஞ்சமே தெரியாது.

பெரம்பூர்ப் பெரியவர்:
வந்துவிட்டார் செயலாளர்! சார், பஞ்சம் உங்களுக்கு ஏன் தெரியப்போகிறது? உங்களை மாதிரி அடுக்குமாடிகள் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு, அதுதான் போர், போட்டு உறிஞ்சியதால்தான் எங்கள் 30 அடிக் கிணறு வற்றியது. எங்கள் கிணற்றில் 2000-ஆம் வருடம் வரை கயிறு போட்டுச் சேந்தினோம். பக்கத்தில் அடுக்குமாடி வந்த மூன்றாம் வருடம் வாளி தரையில் தட்டியது.

அடையாறு ஆலமரம்:
பெரம்பூர்க் கிணற்றுக்கும் அடையாறு போருக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் போரில் 2017-லிருந்து உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் லாரிக்குப் பணம் கொட்டுகிறோம். நாங்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

பெரம்பூர்ப் பெரியவர்:
உப்பு ஏன் வந்தது? நல்ல தண்ணீரை இறைத்துத் தீர்த்தால் கடல் உள்ளே வரும். மீஞ்சூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை கிணறு உப்பானது என்று. கடைசியில் அங்கேயே கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள், 2010-ல்.

வியாசர்பாடி செல்வி:
ஐயா, பேச்சை மாற்றாதீர்கள். குடம் பதிமூன்றரை லிட்டர். ஆமாவா, இல்லையா?

பெரம்பூர்ப் பெரியவர்:
இல்லை. 18.

மாதவரம் மீனா:
டிரம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மாடியில் தண்ணீர் டிரம் இருந்தது. மூடி இருந்தது, ஆனால் சரியாகப் பொருந்தாது. என் பையனுக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, தட்டணு இறங்கிக்கொண்டே போனது. அந்த ஐந்து நாளை நான் மறக்க மாட்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடாது, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் போடும். நம் வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உள்பக்கத்தை வாரம் ஒரு முறை தேய்க்க வேண்டும். மூடிக்கு அடியில் வேட்டித் துணியை இழுத்துக் கட்டுங்கள்.

பெரம்பூர்ப் பெரியவர்:
பார்த்தீர்களா! இதைத்தான் சொன்னேன். குடத்துத் தண்ணீர் அன்றன்றைக்குத் தீரும். டிரம் என்றால் டெங்கு.

வியாசர்பாடி செல்வி:
மீனா, உங்கள் பையன் பிழைத்தானே, அது போதும். நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறேன். எனக்கு மூன்று டிரம் என்பதால் வாரத்துக்கு ஒரு டிரம் என்று முறை வைத்துக் காலி செய்து தேய்க்கலாம், கையில் இரண்டு டிரம் தண்ணீர் எப்போதும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாதவரம் மீனா:
அப்படியானால் ஒவ்வொரு டிரம்முக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதானே வருகிறது? அது போதாது. வாரம் ஒரு முறை என்றால் மூன்றையும்.

வியாசர்பாடி செல்வி:
துணியும்தான் கட்டிவிடுகிறேனே. பஞ்ச காலத்தில் வாரம் மூன்று டிரம்மையும் தேய்க்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நீங்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பெரியவர் உடனே தாவிப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் எரிகிறது.

பெரம்பூர்ப் பெரியவர்:
டிரம்மில் இன்னொன்று. பழைய நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆசிட்டா, சாயமா? நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடுமா?

வியாசர்பாடி செல்வி:
என்னுடையது மாம்பழக் கூழ் வந்த டிரம். திறந்து மோந்து பார்த்துத்தான் வாங்கினேன். ஆறு மாதம் வரைக்கும் மாம்பழ வாசனை போகவில்லை. குடிக்க, சமைக்க அதில் எடுப்பதில்லை. அதற்கு எவர்சில்வர் அண்டா தனி. அதில் பிடித்ததைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். டிரம் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் கழிப்பறைக்கும். அடியில் குழாய் வைத்திருக்கிறேன், யாரும் கையையோ சொம்பையோ உள்ளே விடுவதில்லை. அரிசி கழுவின தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் முதல் அலசின தண்ணீர் கழிப்பறைக்கு. உங்கள் நாற்பது வருட அனுபவத்தில் இதில் ஏதாவது ஒன்று செய்தது உண்டா ஐயா?

பெரம்பூர்ப் பெரியவர்:
போன மாதம் முருங்கை விதை விவாதத்திலும் இப்படித்தான் கத்தினீர்கள். அந்த விதையை அரைத்துக் கலந்தால் கலங்கல் தண்ணீர் தெளியும் என்று சொன்னேன், தெளியும் என்பது உண்மை. பதில் சொல்லாமல் பாதியில் போய்விட்டீர்கள்.

வியாசர்பாடி செல்வி:
தெளியும், யார் இல்லை என்றது? தெளிந்தால் அப்படியே குடிக்கலாம் என்றீர்களே, அதற்குத்தான் சண்டை. தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காதா? அன்றைக்கு நான் போனது வெளியே லாரி வந்ததால். உங்களுக்குப் பயந்து இல்லை.

மழைத்துளி:
எல்லோரும் பிடித்து வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. 1000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. கணக்குப் போட்டால் 1,30,000 லிட்டர். 2015 டிசம்பரில் மூழ்கிய ஊர் 2019-ல் வறண்டது. எத்தனை வீட்டில் மாடி மழைநீர்க் குழாய் இன்னும் கிணற்றுக்குப் போகிறது? பல வீட்டில் பெயருக்கு ஒரு குழாய், அடியில் மண் அடைத்துக் கிடக்கிறது.

வியாசர்பாடி செல்வி:
தம்பி, எங்கள் வீடு 180 சதுர அடி, ஒரு பாதி ஆஸ்பெஸ்டாஸ். கிணறு கிடையாது. ஜூனில் குடம் காலி. அக்டோபர் மழையை எங்கே வைத்துக்கொள்வேன்?

அடையாறு ஆலமரம்:
மழைத்துளி சொல்வது சரி. ஆனால் எங்கள் மாடித் தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்குத்தான் போகிறது. பெரியவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பூர்ப் பெரியவர்:
குறித்துக்கொண்டேன். போரையும் குறித்துக்கொண்டேன்.

எல்லோரும் கேளுங்கள். அரசாங்கம் யாரையும் கைவிடவில்லை. 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலிலேயே தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஊர் பஞ்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு 600 லிட்டர் பதுக்குவது நியாயமா?

வியாசர்பாடி செல்வி:
பதுக்கலா? வரிசையில் நின்று என் பங்கைப் பிடித்து மிச்சம் வைத்தால் பதுக்கலா? ரயில் வந்த அன்று நானும் டிவியில் பார்த்தேன், மாலை எல்லாம் போட்டிருந்தார்கள். 25 லட்சம் லிட்டரை அறுபது லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை லிட்டர்கூட வராது. உங்கள் இரண்டு குடம் எங்கே, அரை லிட்டர் எங்கே!

பன்னிரண்டு குடம் தூக்கினால் என் இடுப்பு என்ன ஆகும் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. பதிமூன்றரை லிட்டர் என்றால் பதிமூன்றரை கிலோ, குடத்தின் எடை தனி. மாடிப்படி இருபத்திரண்டு. 18 கிலோ என்று சொல்கிறவர் ஒரு நாள் தூக்கிக் காட்டட்டும்.

ஓஎம்ஆர் கார்த்தி:
அக்கா, ஒரு யோசனை. சமைக்க, குடிக்க ஆளுக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் இந்தச் சண்டையே...

பெரம்பூர்ப் பெரியவர்:
தம்பி, சும்மா இரு. செல்வி அம்மா, இப்போதே என் வீட்டுக் குடத்தை அளந்து போட்டோ போடுகிறேன்.

வியாசர்பாடி செல்வி:
போடுங்கள். அளக்கிறது நீங்களா, வீட்டில் அம்மாவா? போடும்போது பயந்தாங்கொள்ளி என்று சொன்னதையும் எடுத்துவிடுங்கள். நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.

பெரம்பூர்ப் பெரியவர்:
அளந்தாயிற்று. விளிம்பு தளும்பத் தளும்ப 17.

வியாசர்பாடி செல்வி:
தளும்பத் தளும்ப! அதை இடுப்பில் வைத்து நடந்தால் வீட்டு வாசலுக்கு 15 வந்து சேரும். 18 எங்கே ஐயா?

பெரம்பூர்ப் பெரியவர்:
பழைய குடம், அடி நசுங்கியிருக்கிறது. புதுக் குடம் 18.

மாதவரம் மீனா:
எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தை இப்போதுதான் அளந்தேன். 11 லிட்டர்.

பெரம்பூர்ப் பெரியவர்:
எவர்சில்வர் குடத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.