நேட்டால் போன பெரிய தாத்தாவைத் தேடுகிறேன், புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் அண்ணன் குடியாத்தம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் போனவர். திரும்பி வரவே இல்லை. அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் மட்டும்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கின்றன.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ஆனால் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி அங்கே மூன்சாமி ஆகிவிட்டார். ஊர்ப் பெயர்களைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

இந்தப் பட்டியல்களை வைத்து வட ஆற்காடு ஜில்லாவை ஊர்வாரியாகத் தொகுத்த புத்தகம் ஏதாவது உண்டா? அங்கே போன ஒரு குடும்பத்தின் வரலாறாக இருந்தாலும் சரி, தமிழோ ஆங்கிலமோ எதுவானாலும் சரி. டர்பன் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்த்தவர்கள் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள். அவரைப் பற்றிக் கதை கேட்டு வளர்ந்தவர் இப்போது என் அத்தை ஒருவர்தான். அவருக்கு 84 வயது. அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.