புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவந்த முயல் குட்டிகள்

பிறந்து 5 நாளான நாலு குட்டிகளை அக்காவிடம் விட்டு ஊருக்கு வந்தேன், தாய் கூட்டுப்பெட்டிப் பக்கமே போகவில்லையாம், பசும்பால் புகட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாலும் நலம்.

"தாய் ஒரு நாளைக்கு ஓரிரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும், குட்டியின் வயிற்றைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மறுநாள் விடிகாலை அக்கா வீடியோ காலில் காட்டினார்: வயிறு உருண்டையாக, மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பாடா! பசும்பால் கொடுக்கவேயில்லை. தினமும் சமையலறைத் தராசில் எடை போட்டார், ஏறிக்கொண்டே வந்தது.

எதிர்பாராதது ஒன்று. 7-ஆம் நாள் கடைக்குட்டி பெட்டிக்கு வெளியே சில்லிட்டுக் கிடந்தது. பால் குடிக்கும்போது காம்பை விடாமல் தொங்கி வந்திருக்க வேண்டும். அக்கா உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, அப்புறம் கூட்டில் வைத்தார். கைபட்டதற்காகத் தாய் ஒதுக்கவில்லை. 11-ஆம் நாள் அதுவும் கண் திறந்துவிட்டது.