கிளிநொச்சி – யாழ்ப்பாணம் தினசரி ரயில் பயணம்: அவசரப் பையில என்ன வைக்கவேணும்?

கண்டாவளைத் தங்கை:
கிளிநொச்சியில ஏறி யாழ்ப்பாண நகருக்குத் தினமும் ரயிலில வேலைக்குப் போய் வரவேணும். மாரி தொடங்கினால் ரயில் இடைவழியில கனநேரம் நிக்கிறதும், இருட்டினாப்பிறகு வந்து சேருறதும் நடக்கும். இணையத்தில தேடினால் கூடாரம், மூண்டு நாள் சாப்பாடு எண்டு பெரிய பட்டியலாத்தான் வருது. அது தோள்பைக்குள்ள அடங்காது. எது கட்டாயம், எதை விடலாம்? சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஆள், அதையும் கணக்கில எடுத்துச் சொல்லுங்கோ.

ஏ9 வீதியோரம்:
தங்கச்சி, இந்தப் பாதைக்குத் தேவை ஆறு, எட்டு மணித்தியாலத்துக்கான பை. வடக்குப் பாதை ஒற்றைத் தண்டவாளம். முன்னுக்குப் போன ரயில் பழுதானாலோ, மாடு அடிபட்டாலோ, மதகடியில மண் அரிச்சாலோ பின்னுக்கு வாறது நிக்கத்தான் வேணும். சுத்திப்போக வேற வழி இல்லை. ஆனால் ஏ9 வீதி பெரும்பாலும் கிட்டத்தான் ஓடுது. பெட்டிக்குள்ள சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்க, தேவைப்பட்டால் இருட்டில நடந்து வீதிக்கு ஏற, பஸ்ஸுக்குக் காசு குடுக்க: இந்த மூண்டுக்கும் உதவாத சாமான் வேண்டாம். தண்ணியைத் தவிர்த்து முக்கால் கிலோவுக்கு மேல போகவிடாதேங்கோ. பாரம் கூடின பையை ரெண்டாம் கிழமையே வீட்டில விட்டிட்டுப் போகத் தொடங்குவியள்.

அதைவிட முக்கியம், சாமானை ரெண்டாப் பிரிக்கிறது. சனம் நெரிஞ்ச பெட்டியில பையை மேல்தட்டில போடுவியள். அவசரமா இறங்கேக்க அது கைக்கு வராது. அடையாள அட்டை, சீசன் ரிக்கற், போன், காசு, விசில், ரோர்ச் எல்லாம் இடுப்புப் பையில, உடம்போட. மிச்சம் மட்டும் தோள்பையில.

ரோர்ச், தலையில மாட்டுறது. இறங்கேக்க ரெண்டு கையும் வேணும். பைக்குள்ள தானா அமத்துப்பட்டு எரிஞ்சு பற்றரி இறங்கிறதுதான் வழமையான பிழை. பற்றரிக்கும் தகட்டுக்கும் இடையில ஒரு கடதாசித் துண்டைச் செருகி, நுனி வெளிய தெரிய விடுங்கோ. இழுத்தெடுத்தால் எரியும். அல்கலைன் பற்றரி கனநாள் கிடந்தால் கசிஞ்சு தகட்டை அரிக்கும், ஆறு மாதத்துக்கொருக்கா மாத்துங்கோ. விசில், உள்ளுக்கு உருண்டை இல்லாதது, நனைஞ்சாலும் ஊதும்.

பவர் பாங்க் 10,000 மில்லி அம்பியர் காணும். அந்த எண் உள்ளுக்கு இருக்கிற செல்லின்ர 3.7 வோல்ற் கணக்கு. 5 வோல்ற்றுக்கு ஏத்தி, சூடாப் போறதையும் கழிச்சால் போனுக்கு வாறது 6,000 – 6,500 தான். 5,000 பற்றரி உள்ள போனை ஒருக்கா நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். 20,000 வாங்கினால் பாரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஸ்ரேசன்ல விட்டிட்டுப் போற மோட்டசைக்கிளின்ர சீற்றுக்குக் கீழ அதை வைக்கவே வேண்டாம், வெயில் சூட்டில ஊதிப்போகும்.

காசு: 500 ரூபாத் தாள் நாலு, 100 ரூபாத் தாள் பத்து. இரவில பஸ்ஸுக்குள்ள 5,000 ரூபாத் தாளை மாத்தேலாது.

முதலுதவிக்காரி:
சீனி வருத்தத்திலயிருந்து தொடங்கிறன் பிள்ளை, உங்கட பையில முதல் இடம் அதுக்குத்தான். இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் (சீனி வருத்தக் குளிசை) எடுக்கிறவைக்குச் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கும். மெற்போமின் குளிசை மட்டும் எண்டால் அந்தப் பயம் நல்லாக் குறைவு. கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, தலைசுத்து, தடுமாற்றம் வந்தால் உடன 15 கிராம் இனிப்பு: மூண்டு தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ தண்ணியில கரைச்சுக் குடிக்கிறது. சொக்கிலேற் இதுக்குச் சரிவராது. அதில உள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில ஏறுறதைப் பிந்தப்பண்ணும். 15 நிமிடத்தில குணம் தெரியாட்டி இன்னொருக்கா. குணம் வந்தாப்பிறகு நாலு பிஸ்கற் சாப்பிடவேணும், இல்லாட்டித் திரும்ப இறங்கும். நடுங்கிற கையால அளக்கேலாது, அதால மூண்டு தேக்கரண்டிப்படி மூண்டு பொட்டலம் முன்கூட்டியே கட்டி ஒண்டை இடுப்புப் பையில வையுங்கோ. மயங்கின ஆளுக்கு வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது. ஒருக்களிச்சுப் படுக்கவைச்சு 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லி ஒரு அட்டையில எழுதி அடையாள அட்டையோட வையுங்கோ, எடுக்கிற மருந்தின்ர பேரும் அளவும் அதிலயே. ஜெல் பேனையால எழுதினால் மழையில கரையும், போல்பொயின்ற் நல்லது.

மருந்து ரெண்டு நாளைக்கு. பட்டையை வெட்டேக்க காலாவதித் திகதி அடிச்சிருக்கிற முனைப்பக்கத்தை எடுங்கோ. இன்சுலினை ஐஸ் கட்டியோட ஒட்டவிடாதேங்கோ, உறைஞ்சுபோனால் பிறகு அது உதவாது.

தண்ணி ஒரு லீற்றர். பரந்தன் தாண்டினால் ஆனையிறவு வெளி, ஒரு பக்கம் உப்பளம், மற்றப் பக்கம் கடல்நீரேரி. நிழலுமில்லை, நல்ல தண்ணியுமில்லை. பங்குனி, சித்திரையில அதுக்குள்ள ரயில் நிண்டால் பெட்டி கொதிக்கும். அந்த மாதங்களில ஒண்டரை லீற்றர். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள்) ரெண்டு பைக்கற், வயித்தோட்டத்துக்கு. ஒரு லீற்றருக்கான பைக்கற்றை அரை லீற்றர்ப் போத்திலுக்குள்ள கொட்டினால் உப்பு ரெண்டு மடங்காகும், அது கெடுதல். அதில குளுக்கோஸ் இருக்கு, சும்மா தாகத்துக்கு நீங்கள் குடிக்கிற சாமானில்லை.

காயத்துக்கு: 3 அங்குலக் கிரேப் பண்டேஜ் ஒண்டு, கிருமிநீக்கின கோஸ் ஐந்து, பிளாஸ்ரர் பத்து, கையுறை ஒரு சோடி, முனை மழுங்கின சின்னக் கத்தரிக்கோல், ஊக்கு நாலு, பனடோல் ஒரு பட்டை. இரத்தம் ஓடினால் கோஸை வைச்சுப் பத்து நிமிடம் கையெடுக்காமல் அமத்துங்கோ. இடைக்கிடை தூக்கிப் பாக்கிறதாலதான் நிண்ட இரத்தம் திரும்ப ஓடுது. இபுபுறுபன், அஸ்பிரின் பொதுவான பைக்கு வேண்டாம். மாரிகாலக் காய்ச்சல் டெங்குவா இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். மாதவிடாய்த் துவாய் ரெண்டும் வையுங்கோ, காயத்துக்கு மேல வைச்சு அமத்தவும் உதவும்.

கண்டாவளைத் தங்கை:
நன்றி அண்ணை, நன்றி அக்கா. இருட்டில நடக்கவேண்டி வந்தால் பாம்புப் பயம். கட்டுறதுக்கு ரப்பர் பட்டி, பிளேட் வைக்கச் சொல்லிச் சிலபேர் சொல்லினம். வைக்கவோ?

முதலுதவிக்காரி:
ரெண்டும் வேண்டவே வேண்டாம். இறுக்கிக் கட்டினால் இரத்தோட்டம் நிண்டு தசை அழுகும், கீறினால் விரியன் கடியில இரத்தம் நிக்காது. மோதிரம், காப்பைக் கழட்டி, கடிபட்ட கால் அசையாமல் கிரேப் பண்டேஜால ஒரு தடியோட தளர்வாக் கட்டி, நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது. விஷமுறிவு மருந்து அங்கதான் ஏத்தலாம். கடி வராமல் இருக்கத்தான் உங்கட பை உதவும்: ரோர்ச்சும் மூடின சப்பாத்தும்.

மாங்குளம் சந்தி:
ஏ9 வீதியோரம் அண்ணை சொன்னதுக்கு ஒரு முக்கியமான திருத்தம். "நடந்து வீதிக்கு ஏற" எண்டால் பற்றைக்குள்ளால குறுக்க வெட்டிப் போறதில்லை. பளை தாண்டி முகமாலைப் பக்கம் பல வருசமாக் கண்ணிவெடி அகற்றிவந்த நிலம். சிவப்புப் பலகை கண்ணில படாட்டியும், ஒண்டுக்குப் போகக்கூடப் பற்றைக்குள்ள இறங்காதேங்கோ. ரயில் கார்ட் இறங்கச் சொன்னாப்பிறகு இறங்கி, சல்லிக்கரையோட நடந்து, அடுத்த கடவையால மட்டும் வீதிக்கு ஏறுங்கோ. மேடை இல்லாத இடத்தில மிதிபலகை நல்ல உயரம். குதிச்சால் சல்லி உருண்டு கணுக்கால் பிரளும். முகம் ரயில் பக்கம் பாக்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஏணியால இறங்கிறமாதிரி இறங்கவேணும். பாலம் வந்தால் அதில நடக்கவேண்டாம்.

மழைக்கு ரெயின்கோட். குடை வாடைக்காத்தில திரும்பிப்போகும், ஒரு கையையும் பிடிச்சு வைச்சிருக்கும். பைக்குள்ள ஒரு தடிச்ச பொலித்தீன் பையை விரிச்சு அதுக்குள்ள சாமானை வைச்சால் தண்ணிப்போத்தில் கசிஞ்சாலும் மருந்து நனையாது. போத்தில் வெளிப்பக்கப் பொக்கற்றில.

சாப்பாட்டுக்குப் புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு) 100 கிராம், வறுத்த கச்சான் ஒரு பிடி. புழுக்கொடியல் ஈரம் படாட்டி மாதக்கணக்காக் கெடாது, மெல்ல நேரமெடுக்கும், பசி அடங்கும். ஆனால் தண்ணி கேக்கும், அதைக் கணக்கில வையுங்கோ. கச்சான் கனநாள் கிடந்தால் காறல் மணம் வரும்.

போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு விடுமுறை பையை நிலத்தில கொட்டிப் பாருங்கோ: பவர் பாங்கை நிரப்பி, கச்சானையும் சீனிப் பொட்டலத்தையும் மாத்தி, மருந்துத் திகதியைப் பாக்க கால் மணித்தியாலம் காணும். பிளாஸ்ரரையும் ஒண்டு உரிச்சுப் பாருங்கோ, இங்கத்த சூட்டுக்குப் பசை இளகிக் கடதாசியோட ஒட்டிப்போயிருக்கும்.