கறுப்புக் கண்ணாடி போட்டவரெல்லாம் ஒற்றர்தான்: மிச்சிகன் சைகைத் திருட்டு நாட்களில் உங்களுக்கு நடந்தது?

ஆன் ஆர்பரிலிருந்து:

2023 நவம்பர் 4, எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பர்டியூ பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். எதிரணிப் பயிற்சியாளர்கள் ஓரத்திலிருந்து வீரர்களுக்குக் காட்டும் சைகைகளை ஆள் வைத்து வேவு பார்த்ததாகப் புகாரில் சிக்கிய மிச்சிகன் அணி ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ், அதற்கு முந்தின நாள்தான் வேலையை விட்டிருந்தார். 3 வருடங்களில் 11 பல்கலைக்கழகங்களின் 30-க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு அவர் டிக்கெட் வாங்கியது ஏற்கெனவே செய்தியில் வந்துவிட்டது.

என் வரிசையில் ஒரு பெரியவர். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பேசியை பர்டியூ பெஞ்ச் பக்கமே பிடித்திருந்தார். பின்வரிசைப் பையன்கள் "ஸ்டாலியன்ஸ்! ஸ்டாலியன்ஸ்!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் சந்தேகம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். கடைசியில் பார்த்தால், அங்கே வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது அவருடைய பேரன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் சைகையை மைதானத்திலேயே பார்த்துப் பிடிப்பது குற்றமில்லை. பவுலரின் மணிக்கட்டைப் பார்த்து கூக்ளியைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான். அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி நேரில் வேவு பார்ப்பதைத்தான் 1994-லிருந்து தடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதில் முதல் பாதியை மட்டும் சத்தமாகச் சொல்வார்கள்.

கொலம்பஸிலிருந்து:

இது மிச்சிகனின் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஊர், கேட்கவே வேண்டாம். என் ஆபீஸ் டீமில் ஒருவர் 2022-இல் மிச்சிகனிடம் 45-23 என்று நாங்கள் தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்தி, "இதோ பார், அவர்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது" என்று மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் விளக்குவார். அதில் மிச்சிகன் வீரர் டோனவன் எட்வர்ட்ஸ் 75 யார்டு ஒன்று, 85 யார்டு ஒன்று என்று ஓடிய ஓட்டங்கள் உண்டு. "சரி, ஓடுகிறவனைப் பிடிக்காமல் விட்டதும் ஸ்டாலியன்ஸ் வேலைதானா?" என்று வாய்விட்டுவிட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அப்புறம் 2023 நவம்பர் 25, மறுபடி மிச்சிகனோடு ஆட்டம். ஸ்டாலியன்ஸ் வேலையை விட்டுப் போயாயிற்று, மிச்சிகன் பயிற்சியாளர் ஹார்பாவும் தடையில். மிச்சிகனே மறுபடி 30-24 என்று ஜெயித்தது. திங்கட்கிழமை நான் எதுவும் கேட்கவில்லை. அவரே வந்து சொன்னார்: "பழைய நோட்டை வைத்திருப்பார்கள்."

2025 ஆகஸ்ட்டில் கல்லூரி விளையாட்டு அமைப்பான NCAA-வின் தீர்ப்பு வந்தது. மிச்சிகனுக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம், ஆனால் வெற்றிகளைப் பறிக்கவில்லை. அன்று அவர் லீவு.

ஈஸ்ட் லான்சிங்கிலிருந்து:

மிச்சிகன் பின்னால் மோதவிருந்த எங்கள் ஊர் மிச்சிகன் ஸ்டேட் அணி, 2023 செப்டம்பர் 1 அன்று சென்ட்ரல் மிச்சிகன் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கே நான் போயிருந்தேன்! சென்ட்ரல் மிச்சிகன் சட்டை போட்டு, இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியோடு, ஸ்டாலியன்ஸ் மாதிரியே ஒருவர் அந்த அணியின் பயிற்சியாளர்களோடு ஓரத்தில் நிற்கும் படம் பிறகு எங்கும் சுற்றியதே, அதே ஆட்டம். படம் வெளியான இரவு நானும் மனைவியும் கைப்பேசியில் இருந்த எங்கள் 140 படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம். விடியற்காலை 2 மணிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி சிக்கியது. என் மச்சான். கண் ஆபரேஷன் ஆகி நான்காவது நாள்.