வீட்டுக்கு வெளியே விறகு பாய்லர்: வட்டவடைக் குளிருக்குச் சரிப்படுமா?

மேட்டுத்தோட்டம்:
ஜனவரி பொறந்தா மூணார் பக்கம் எங்க வட்டவடையில விடியக்காலம் புல்லு மேல உறைபனி உப்பு கொட்டின மாதிரி கிடக்கு. தகரக் கூரை வீடு, 3 ரூம், அதுல 2 ஹோம்ஸ்டேக்கு விடுறேன். ராத்திரி கரண்ட் ஹீட்டர் போட்டா ஃபியூஸ் போயிடுது. அமெரிக்கா, கனடாவுல வீட்டுக்கு வெளிய சின்னக் கொட்டகை மாதிரி விறகு ஃபர்னஸ் வச்சிருக்கான். விறகு எரியிற பெட்டியைச் சுத்தித் தண்ணி. அந்த வெந்நீர் மண்ணுக்கடியில குழாய் வழியா வீட்டுக்குள்ள ஓடிட்டுத் திரும்பி வரும். நெருப்பும் சாம்பலும் வெளிய, சூடு மட்டும் உள்ள. கோயமுத்தூர்ல ஒருத்தர் செஞ்சு தரேன்கிறார். விறகுக்குக் கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரம் என் நிலத்துலயே நிக்குது. போடலாமா?

லயத்து அக்கா:
வேண்டாம் தம்பி. எங்க எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு மேல ஒரு தங்கும் விடுதியில இந்த மாதிரி ஒண்ணு வச்சாங்க. மலையில ராத்திரி குளிர்ந்த காத்து கீழ இறங்கும், புகையும் அது கூடவே இறங்கும். அவங்க சன்னலைச் சாத்திட்டு சுகமாத் தூங்குவாங்க, நாங்க இருமுவோம். காயப்போட்ட துணியைத் தண்ணியில அலசினாலும் வாசம் போகல.

மேட்டுத்தோட்டம்:
அக்கா, புகை நமக்குப் புதுசா? அம்மா அடுப்பு மேல பரண்லதான் விதைப்பூண்டு கிடக்கு. புகை படாத பூண்டு நிக்காதுன்னு சொல்ற ஊரு இது. அடுப்புப் புகைக்கு வராத புகார் இதுக்கு மட்டும் ஏன் வரணும்?

பழைய ஃபிட்டர்:
டீ ஃபேக்டரி டிரையர்ல முப்பது வருசம் விறகு தள்ளினவன் சொல்றேன், இது வேற புகை. ஃபேக்டரியில கொழுந்து ஓடுற வரைக்கும் தீ முழு வேகத்துல எரியும், புகைபோக்கி நுனியில ஒண்ணும் தெரியாது. வீட்டு ஃபர்னஸ் அப்படி இல்ல. தண்ணி சூடாயிட்டா காத்துக் கதவு சாத்திக்கும். உள்ள இருக்கிற விறகு அணையவும் செய்யாது, எரியவும் செய்யாது, கும்மிக்கிட்டே கிடக்கும். அப்பதான் அந்த மஞ்சப் புகை. சுத்தி இருக்கிற தண்ணி பக்கத்துலயே குளிர்ச்சியா இருக்கிறதால புகை தகடுல தார் மாதிரி கீலாப் படியும். 2 சீசன் போனா சுரண்டக் கரண்டி பத்தாது. தகடும் அரிச்சுப் போகும்.

அதுலயும் நீங்க பச்சைக் கிராண்டிஸ் போடுவீங்க. வெட்டின முனையில நுரை பொங்கி வடியும் பாருங்க, அந்தத் தண்ணியை ஆவியாக்கவே சூட்டுல ஒரு பங்கு போயிடும்.

கணக்குப்புள்ள:
அவரு சொன்னதுக்கு எண்ணு போடுறேன். கரண்ட் யூனிட் கணக்குலயே சொல்றேன், தகரக் கூரை வீடு ராத்திரி மணிக்கு 6 யூனிட் சூடு குடிக்குதுன்னு வைங்க, 10 மணி நேரத்துக்கு 60 யூனிட். நல்லாக் காஞ்ச விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட். பாதி வீட்டுக்கு வந்தாலே பெருசு, ஆக ஒரு ராத்திரிக்கு 30 கிலோ. பச்சை விறகுன்னா அதைவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கு. பிளந்து அடுக்கி ஒரு வருசமாவது காய வைக்கணும். மூணார் பக்கம் ஜூன்ல நூல் மழை பிடிச்சா விறகு எப்படிக் காயும்னு தெரியும்ல?

அமெரிக்காவுலயும் இந்தப் புகைக்குச் சண்டை இருக்கு. வெர்மான்ட் மாநிலத்துல 1997லயே பக்கத்து வீட்டுலேர்ந்து 200 அடி தள்ளி வைன்னு விதி போட்டாங்க. அமெரிக்க மத்திய அரசு 2015ல புகை அளவுக்கு வரம்பு வச்சு 2020ல இன்னும் இறுக்குச்சு.

மேட்டுத்தோட்டம்:
200 அடியா? எங்க மலையில 200 அடி தள்ளினா அடுத்தவன் பீன்ஸ் தோட்டம். அப்ப குளிர்ல கிடக்கச் சொல்றீங்களா? ரூமுக்குள்ள கரிச்சட்டி வச்சுத் தூங்கி உசுரு போனவங்க கதை உங்களுக்கும் தெரியும். அதுக்கு இது மேலில்லையா?

லயத்து அக்கா:
அது சரி. கரிச்சட்டிக்கு நான் எப்பவும் எதிரி.

பழைய ஃபிட்டர்:
தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, அதனால வேற வழி சொல்றேன். தீயை மூச்சடைக்க விடாதீங்க. சாயங்காலம் 3 மணி நேரம் காத்தை முழுசாத் திறந்து காஞ்ச விறகை எரிச்சு முடிச்சிருங்க, சூட்டைத் தண்ணியில சேர்த்து வைங்க.

கணக்குப்புள்ள:
2,000 லிட்டர் தண்ணி 30 டிகிரி இறங்கினா சுமார் 70 யூனிட் வரும். ராத்திரிக்குப் போதும். ஆனா 2 டன் எடைக்கு அஸ்திவாரம் வேணும், தொட்டிக்குக் கம்பளி போத்தணும். அதுக்கு முன்னாடி தகரத்துக்குக் கீழ ஒரு சீலிங் அடிங்க. கூரை வழியா ஓடுற சூட்டுக்கு விறகு வெட்டுறது வீண் வேலை.

மேட்டுத்தோட்டம்:
சீலிங் இந்த மாசமே அடிக்கிறேன். பாய்லரை விடுறதா இல்ல, தொட்டியோட விலை கேக்குறேன். அக்கா, புகைபோக்கி கூரையைத் தாண்டி நிக்கும், நான் உங்க லயத்துப் பக்கம் இல்லாட்டியும் சொல்லி வைக்கிறேன்.

லயத்து அக்கா:
கீழ குழந்தை இருக்கிற வீடு எதுன்னு பார்த்துட்டு வைங்க.

பழைய ஃபிட்டர்:
அந்தக் கோயமுத்தூர்க்காரர் படத்துல ஆவி அடைஞ்சு வெடிக்காம வெளியேற மேல திறந்த குழாய் போட்டிருக்காரா?

மேட்டுத்தோட்டம்:
கேட்டேன் அண்ணாச்சி. அதெல்லாம் வேண்டாம், எல்லாப் பக்கமும் வால்வு போட்டு மூடிடலாம்னார்.

பழைய ஃபிட்டர்:
அட்வான்ஸ் குடுத்தாச்சா?

மேட்டுத்தோட்டம்:
இன்னும் இல்ல.

பழைய ஃபிட்டர்:
குடுக்காதீங்க.