மண்டபம் மீன் குளிர் அறை: மதியமானால் டிரிப்

ஆர்22 கேஸ்ல ஓடுற கூலிங் யூனிட். காலையில் ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளியே தள்ளுற பக்கத்து கேஸ் அழுத்தம்) 260 பிஎஸ்ஐ, மதியம் 350 தாண்டி ஹெச்பி கட்-அவுட்ல (அழுத்தம் கூடினா மெஷினை நிறுத்துற சுவிட்ச்) நிக்குது. சூட்டை வெளியே விடுற கண்டென்சர் கடலைப் பார்த்து இருக்கு, அதோட ஃபின் (அலுமினியத் தகடு) தொட்டாலே மாவா உதிருது. ஓனர் கேஸ் ஏத்தச் சொல்றார். ஏத்தவா அண்ணே?

— ஏத்தாதீங்க தம்பி, இன்னும் கூடும். 260ன்னா கண்டென்சர்ல கேஸ் திரவமாகுற சூடு 49 டிகிரி, 350ன்னா 60க்கு மேல. சூடு வெளியேற வழியில்லை. செம்புக் குழாயும் அலுமினிய ஃபின்னும் ஒட்டியிருக்க, உப்பு ஈரம் சேர்ந்தா அலுமினியம்தான் அரிக்கும். ஃபின் போனா குழாய் மட்டும் என்ன செய்யும்? வாடைக்காத்து நாள்ல வாரம் ஒருதரம் நல்ல தண்ணியில கழுவுவேன். கிணத்து உப்புத்தண்ணி கூடவே கூடாது.

— ஃபேன் சுத்துற திசையும் பாருங்க.

— பார்த்தேன், சரியாத்தான் சுத்துது. கழுவினதும் பிரஷர் 310. கண்டென்சர் காயில் (குழாயும் ஃபின்னும் சேர்ந்த பாகம்) மாத்தணும்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்.

— ஃபின்ல கோட்டிங் போட்ட காயிலாக் கேட்டு வாங்குங்க. யூனிட்டையும் சுவருக்கு மறைவா நகர்த்துங்க, காத்தோட்டம் விட்டு.