ஜாங்கோ டீபக் டூல்பார் டாக்கரில் தெரியவில்லை

கேள்வி (பாளையங்கோட்டை):
பத்தமடைப் பாய் விற்பனைக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழி வலைச்சட்டகம்) எழுதிவரும் வலைச்செயலியில், பக்கத்தின் ஓரத்தில் பிழைதேடல் விவரங்களைக் காட்டும் டீபக் டூல்பாரைச் சேர்த்திருக்கிறேன். கணினியில் நேரடியாக ஓட்டினால் தெரிகிறது; டாக்கருக்குள் (செயலியைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி) ஓட்டினால் பிழைச்செய்தி ஏதுமின்றி மறைந்துவிடுகிறது. பாய்களின் பட்டியல் பக்கம் மெதுவாகத் திறப்பதால், தரவுத்தள வினவல்களைக் காட்டும் எஸ்க்யூஎல் பலகம் மட்டுமே எனக்குத் தேவை. மற்றவற்றை அணைத்துவைக்க இயலுமா?

மறுமொழி (தென்காசி):
டூல்பாரை எந்த முகவரிகளுக்குக் காட்டலாம் எனச் சொல்லும் ‘இன்டர்னல் ஐபிஸ்’ பட்டியலில் 127.0.0.1 (உங்கள் கணினியே) மட்டும் இருக்கும் என நினைக்கிறேன், அண்ணாச்சி. டாக்கருக்குள் வரும் கோரிக்கை வேறு முகவரியிலிருந்து வருவதாகவே சர்வருக்குத் தெரிவதால், டூல்பார் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. டாக்கர் வலையமைப்பின் முகவரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். அல்லது டூல்பாரைக் காட்டலாமா எனத் தீர்மானிக்கும் ‘ஷோ டூல்பார் கால்பேக்’ அமைப்பில் உங்கள் சொந்த நிபந்தனையைக் கொடுங்கள். பலர் அதில் எப்போதும் ‘ட்ரூ’ (ஆம்) என்றே எழுதிவிடுகிறார்கள். செயலியின் அமைப்புகளும் வினவல்களும் எவர் கண்ணிலும் படக்கூடும் என்பதால், அது எனக்கு உடன்பாடில்லை. டீபக் நிலையில் இருக்கும்போது மட்டும் காட்டுமாறு எழுதுங்கள்.

பலகங்களைப் பொறுத்தவரை, ‘டீபக் டூல்பார் பேனல்ஸ்’ பட்டியலில் எஸ்க்யூஎல்லை மட்டும் வைத்தால் மற்றவை ஏற்றப்படவே மாட்டா. ‘டிஸேபிள் பேனல்ஸ்’ வழியாக அணைத்தால், வேண்டும்போது உலாவியிலேயே டிக் செய்து இயக்கிக்கொள்ளலாம். பின்னதே வசதி.

மறுமொழி (வள்ளியூர்):
கோரிக்கைகளையும் பதில்களையும் இடையில் கையாளும் மிடில்வேர்களின் வரிசையையும் பாருங்கள். டூல்பார் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் பதிலைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் இருந்தால் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். பக்கத்தின் எச்டிஎம்எல்லில் பாடி குறிச்சொல் முறையாக மூடப்படாவிட்டாலும் டூல்பார் வராது.

கேட்டவர்:
முகவரியைச் சேர்த்ததும் தெரிந்துவிட்டது, நன்றி. ஒவ்வொரு பாய்க்கும் நெய்தவர் பெயரை எடுக்கத் தனித்தனி வினவல் ஓடியதை எஸ்க்யூஎல் பலகம் காட்டியது. தொடர்புள்ள தரவையும் சேர்த்தே எடுக்கும் ‘செலக்ட் ரிலேட்டட்’ சேர்த்தபின் அனைத்தும் ஒரே வினவலில் வருகின்றன.